பிரெட்ஃபோர்ட்டன் ஊரின் ஃபிளீஸ் இன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் மாவட்டத்தில், ஈவ்ஷாம் நகரிலிருந்து சில மைல் கிழக்கே பிரெட்ஃபோர்ட்டன் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே ஃபிளீஸ் இன் என்ற பழைய பப். கறுத்த ஓக் சட்டங்களும் அவற்றுக்கு நடுவே வெள்ளையடித்த சுவர்களும் வைக்கோல் கூரையுமாக நிற்கும் கட்டடம். 2004-இல் அதன் கூரை எரிந்தது. அடுத்த ஆண்டே கடை மறுபடி திறந்தது. பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நான் இந்த பப்பைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். கேட்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

பப் என்றால் சாராயக் கடைதானே? அதைக் காப்பாற்ற இவ்வளவு பாடு எதற்கு?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. குடியால் சீரழிந்த குடும்பத்தைப் பார்த்தவர்களுக்கு இதைவிட நேரான கேள்வி தோன்றாது. ஆனால் இங்கிலாந்துக் கிராமத்து பப் வாங்கிக் குடித்துவிட்டு நகர்கிற இடமல்ல. மதியச் சாப்பாடு அங்கே; கிரிக்கெட் குழுவின் கூட்டம் அங்கே; இழவு வீட்டிலிருந்து திரும்புகிறவர்கள் கூடுவதும் அங்கேதான். பெற்றோரோடு பிள்ளைகள் வருவார்கள். தனியாக வாழும் கிழவர் மாலையில் ஒரே கோப்பையோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார், யாரும் எழுப்பமாட்டார்கள். அஞ்சலகமும் மளிகைக் கடையும் மூடிப்போன பல ஊர்களில் நாலு பேர் முகம் பார்த்துக்கொள்ள மிஞ்சியிருப்பது இந்த ஒரு கூரைதான். மதுவை ஆதரிக்கும்படி நான் யாரையும் கேட்கவில்லை. ஓர் ஊர் கூடுகிற இடம் அது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்தக் கட்டடம் எப்போது கட்டப்பட்டது? தொடக்கத்திலேயே பப்தானா?

இல்லை. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்ட் என்ற உழவர் குடும்பம் கட்டிய பண்ணை வீடு இது. ஒரே நீளக் கூரையின் கீழ் ஒரு பக்கம் மனிதர்கள், மறுபக்கம் கால்நடைகள். அந்தக் காலத்துப் பண்ணை வீடுகளில் அது வழக்கம்.

பப் ஆனது 1848-இல். பர்ட் குடும்பத்தின் வழியில் வந்த ஹென்றி பர்ட் அப்போது உரிமம் பெற்று பீரும் சைடர் என்ற ஆப்பிள் மதுவும் விற்கத் தொடங்கினார். இதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1830-இல் வந்த பீர்க்கடைச் சட்டம், வரி கட்டும் எவரும் இரண்டு கினி (அக்காலப் பிரிட்டிஷ் பண அளவு) கட்டணம் செலுத்தித் தம் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. ஜின் குடித்து மக்கள் அழிகிறார்கள், பீர் அவ்வளவு கேடில்லை என்ற எண்ணம் அந்தச் சட்டத்துக்கு ஒரு காரணம். நாடு முழுவதும் பல்லாயிரம் வீடுகளின் முன்னறை பீர்க்கடையானது. உழவர், கொல்லர், தச்சர் எல்லாரும் தொழிலோடு தொழிலாக இதையும் பார்த்தார்கள். 1869-இல் உரிமம் தருவதில் மறுபடி நீதிபதிகளின் கட்டுப்பாடு வந்தபோது பல கடைகள் காணாமல் போயின. ஃபிளீஸ் நின்றது.

நின்றதற்கு முக்கியமான காரணம், வீடும் கடையும் ஒரே குடும்பத்தின் கையிலேயே இருந்தது. இங்கிலாந்தில் பெரும்பாலான பப்களை மதுவடிப்பு நிறுவனங்கள் வாங்கிக்கொண்டன. வாங்கிய நிறுவனம் பத்திருபது ஆண்டுக்கு ஒரு முறை காலத்துக்கேற்ப மாற்றுகிறேன் என்று சுவரை இடிக்கும். சின்னச் சின்ன அறைகளைச் சேர்த்து ஒரே கூடமாக்கும். கல் பாவிய தரைமேல் கம்பளம் விரிக்கும். 1960-களிலும் 70-களிலும் இப்படி அழிந்த பழைய உட்புறங்கள் ஏராளம். ஃபிளீஸுக்கு அந்த ஆபத்து வரவில்லை. அதை மாற்ற வேண்டும் என்று சொல்ல வெளியாள் யாரும் இல்லை.

லோலா டாப்லின் யார்?

ஹென்றி பர்ட்டின் கொள்ளுப்பேத்தி. இந்தக் குடும்பத்தில் ஃபிளீஸை நடத்திய கடைசி ஆள். வாழ்நாள் முழுவதும் இந்த வீட்டில்தான் இருந்தார். கடைசிப் பல ஆண்டுகள் தனி ஆளாகக் கடையை நடத்தினார். 1977-இல் தம் பப்பிலேயே, கணப்பு அடுப்பின் முன்னால், உயிர்விட்டார்.

விற்றிருந்தால் நல்ல விலை கிடைத்திருக்கும். அவர் விற்கவில்லை. நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். இயற்கை எழில் மிகுந்த நிலங்களையும் வரலாற்றுக் கட்டடங்களையும் நாட்டின் பொருட்டுப் பேணுவதற்காக 1895-இல் தொடங்கிய அறக்கட்டளை அது. அரண்மனை மாதிரியான பெருவீடுகளைப் பெற்றுப் பழகிய நிறுவனத்துக்கு ஒரு கிழவி தம் பீர்க்கடையைக் கொடுத்தார். பொருள்கள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், இது பப்பாகவே நடக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். இந்த முழுக் கதையிலும் என்னை அதிகம் ஈர்ப்பது இதுதான். எதை விட்டுச்செல்கிறோம் என்று தெளிவாகத் தெரிந்தவரின் முடிவு அது.

உருளைக்கிழங்கு சிப்ஸ் விற்கக் கூடாது என்று உயிலில் எழுதினாராமே?

அப்படித்தான் ஊரில் சொல்லிவருகிறார்கள். பாக்கெட் சிப்ஸ் இந்தக் கடைக்குள் வரக்கூடாது என்பது லோலாவின் பிடிவாதம். தரையெல்லாம் நொறுங்கிக் கிடக்கும் சிப்ஸைத் தினமும் கூட்டிப் பெருக்கியவருக்கு அந்தக் கோபம் வந்திருந்தால் வியப்பில்லை.

உள்ளே அப்படி என்ன இருக்கிறது?

தாழ்வான உத்தரங்கள், உயரமானவர்கள் குனிந்துதான் போக வேண்டும். பல நூற்றாண்டு நடையில் தேய்ந்து பள்ளம் விழுந்த கல் தரை. தனித்தனிச் சிறு அறைகள், ஒவ்வொன்றிலும் குளிருக்குக் கணப்பு. ஓர் அறைக்குப் பியூட்டர் அறை என்றே பெயர். வெள்ளீயக் கலவையில் செய்த 17-ஆம் நூற்றாண்டுத் தட்டுகளும் குவளைகளும் அங்கே மர அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. பித்தளை பளபளக்கும், வெள்ளி மின்னும். பியூட்டர் இரண்டும் செய்யாது. மழைமேகத்தின் சாம்பல் நிறத்தில், நெருப்பு வெளிச்சம் படும்போது மட்டும் மெல்ல ஒளிரும்.

கணப்பின் முன்னே கல் தரையில் வெள்ளை வட்டங்கள் வரைந்திருக்கிறார்கள். சூனியக்காரிகள் புகைபோக்கி வழியே வீட்டுக்குள் இறங்குவார்கள் என்று பழைய இங்கிலாந்தில் நம்பினார்கள். கதவைத் தாழிடலாம், சன்னலைச் சாத்தலாம். புகைபோக்கியை மூட முடியாதே. அதனால் அது வந்து இறங்குமிடத்தில் இந்த வட்டங்கள் காவல். நாம் வாசலில் திருஷ்டிப் பூசணி கட்டுவது போலத்தான். அழிய அழிய மறுபடி வரைந்து இன்றுவரை வைத்திருக்கிறார்கள்.

பியூட்டர் பாத்திரங்களைக் குரோம்வெல் விட்டுச் சென்றார் என்பது உண்மையா?

1651 செப்டம்பரில் நடந்த வூஸ்டர் போருக்குப் போகும் வழியில், மன்னரை எதிர்த்த பாராளுமன்றப் படையின் தளபதி ஆலிவர் குரோம்வெல் இவற்றைக் கொடுத்துவிட்டுப் போனார் என்பது ஊர்க்கதை. அதை மெய்ப்பிக்கும் ஆவணம் எதையும் யாரும் காட்டியதில்லை. எனக்கு அது கதையாகவே இருப்பதில் குறையொன்றுமில்லை. ஒரே குடும்பத்தின் சமையலறையில் புழங்கி, ஒரே அலமாரியில் தங்கிய பாத்திரங்கள் என்பதே போதுமான பெருமை.

2004-இல் தீப்பிடித்தது எப்படி?

2004 பிப்ரவரி 27. புகைபோக்கியிலிருந்து பறந்த பொறி வைக்கோல் கூரையில் விழுந்தது. கூரை அழிந்தது, மேல்தளம் கடுமையாகச் சேதமடைந்தது. கீழ்த்தளம் பெருமளவு தப்பியது.

வைக்கோல் கூரையில் தீ எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தால்தான் அந்த நாளின் கொடுமை புரியும். இங்கிலாந்தில் வேயும் கூரை நம் கீற்றுக் கொட்டகை போல மெல்லியதல்ல. பழைய அடுக்கின்மேல் புது அடுக்காகக் காலங்காலமாக வேய்ந்து ஒரு முழம், இரண்டு முழம் தடிமன் ஏறியிருக்கும். மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடச் செங்குத்தான சரிவில் இறுக்கி வேய்ந்திருப்பார்கள். தீப்பிடிக்கும்போது அந்தத் திறமையே எதிரியாகிறது. தீயணைப்பு வீரர் பாய்ச்சும் நீரும் மழைநீரைப் போலவே மேலோடு வழிந்துவிடும். தீயோ உள்ளே அடுக்குக்குள் புகைந்துகொண்டே நகரும். அதனால் எரியாத பகுதியையும் கொக்கி போட்டு இழுத்துத் தள்ளி, கூரையில் இடைவெளி வெட்டித்தான் தீயைத் தடுக்க முடியும். காப்பாற்றுவதற்கே அழிக்க வேண்டியிருக்கிறது.

மேலே கூரை எரிந்துகொண்டிருக்க, கீழே ஊர்மக்கள் வரிசையாக நின்றார்கள். பியூட்டர் தட்டுகளும் பழைய மேசை நாற்காலிகளும் கைமாறிக் கைமாறி வெளியே வந்தன. லோலா எந்த இடத்தில் என்ன வைத்திருந்தார் என்பது அங்கே மாலைதோறும் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாதா என்ன? பாத்திரங்கள் பிழைத்தது அவர்களால்தான்.

600 ஆண்டு மரம் எரிந்து சாம்பலாகியிருக்குமே? எப்படி மிஞ்சியது?

பெரிய ஓக் உத்தரம் நாம் நினைக்கிற வேகத்தில் எரியாது. மேற்பரப்பு முதலில் கரியாகும். அந்தக் கரிப்படலம் உள்மரத்துக்கு வெப்பம் போகாமல் தடுக்கும். கடின மரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் கரிகிறது. அரை மணி நேரம் நெருப்பில் நின்ற தடித்த உத்தரத்தில் விரற்கடை அளவு கரி உரிந்துபோனாலும் உள்ளே பாரம் தாங்கும் மரம் அப்படியே இருக்கும். அதே நெருப்பில் இரும்பு உத்தரம் சூடேறி வளைந்து விழுந்துவிடக்கூடும். தீக்குப் பிறகு பழைய மர வீட்டைப் பார்த்து "எல்லாம் போச்சு, இடித்துவிடலாம்" என்று அவசரப்படக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். கரியைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

தீயைவிடச் சில வேளைகளில் பெரிய தொல்லை தண்ணீர். அணைக்கப் பாய்ச்சிய நீர் சுவரிலும் தரையிலும் ஊறிவிடும். அவசரப்பட்டு ஹீட்டர் வைத்து உலர்த்தினால் மரம் வெடிக்கும், பூச்சு உதிரும். காற்றோட்டம் விட்டு மெல்ல உலர்த்த வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு வேலை நின்றுபோனது போலத் தோன்றும் காலம் இது.

பழுதுபார்ப்பு எப்படி நடக்கிறது? சிமென்ட் பூசினால் முடிந்துவிடாதா?

முடிந்துவிடும், கட்டடமே முடிந்துவிடும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பெரும்பாலோர் கெடுத்துவைக்கிறார்கள்.

ஃபிளீஸ் போன்ற வீட்டில் பாரத்தைச் சுமப்பது சுவரல்ல, ஓக் மரச்சட்டகம். தூணும் உத்தரமும் சந்திக்கும் இடத்தில் ஒன்றில் துளை, மற்றதில் நாக்கு; இரண்டையும் கோத்து ஓக் முளை அடித்து இறுக்கியிருப்பார்கள். இரும்பு ஆணி கிடையாது. பச்சை மரத்திலேயே வேலை செய்வதால் மரம் உலர உலர மூட்டு இன்னும் இறுகும். சட்டங்களுக்கு நடுவில் பிளந்த குச்சிகளால் வரிச்சுக் கட்டி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து இரு பக்கமும் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். மண் சுவர் வைத்துப் பழகிய நமக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை.

இந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். மரம் மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். சுண்ணாம்பு அதோடு இசைந்துகொடுக்கும். சிமென்ட் இசையாது. மரம் அசைந்ததும் சிமென்டில் மயிரிழை விரிசல் விடும். அதன் வழி புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் மரத்தின் அடியில் தேங்கும். வெளியே வெள்ளைச் சுவர் திடமாகத் தெரியும். உள்ளே அடிச்சட்டம் பஞ்சு போல மக்கிக்கொண்டிருக்கும். 20-ஆம் நூற்றாண்டில் நல்லெண்ணத்தோடு சிமென்ட் பூசிப் பாழாக்கிய வீடுகளை இப்போது உரித்து மறுபடி சுண்ணாம்புக்கு மாற்றுகிறார்கள்.

மக்கிய அல்லது கருகிய மரத்துக்கு முழு உத்தரத்தையும் தூக்கிவிட்டுப் புதிது வைப்பது சோம்பேறி வேலை. கெட்ட பகுதியை மட்டும் அறுத்து, அதே அளவு ஓக் துண்டைச் சாய்வெட்டாகப் பொருத்தி ஒட்டுப்போடுவதுதான் தேர்ந்த தச்சரின் கைவேலை. புதுத் துண்டுக்குக் கறுப்புச் சாயம் பூசிப் பழையது போல நடிக்க வைப்பதில்லை. இளம் நிறத்திலேயே விட்டுவிடுவார்கள். எது 15-ஆம் நூற்றாண்டு, எது 21-ஆம் நூற்றாண்டு என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும். வில்லியம் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது வலியுறுத்தியது இந்த நேர்மையைத்தான்.

கூரைக்கு வைக்கோல் தேர்வதிலும் கவனம் வேண்டும். இன்றைய கோதுமை ரகங்கள் குட்டைத் தாள் உடையவை. அறுவடை இயந்திரமும் தாளை நொறுக்கிவிடும். அதனால் கூரை வேயவென்றே நெட்டைத் தாள் ரகங்களைப் பயிரிடும் உழவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நீர்நாணல் நீண்ட நாள் உழைக்கும் என்றாலும் அந்தந்த வட்டாரத்தில் எது வழக்கமோ அதை வேய்வதே முறை. முகட்டை மட்டும் 10, 15 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

ஃபிளீஸில் இவ்வளவு சீர்குலைவுக்குப் பிறகும் 2005 ஜூன் மாதம் கதவைத் திறந்தார்கள்.

நவீன வசதிகளுக்கு இடம் கொடுத்தார்களா?

கொடுக்காமல் எப்படி? பப் நடக்க வேண்டுமானால் சமையலறையும் கழிப்பறையும் மின்சாரமும் தீ எச்சரிக்கைக் கருவியும் வேண்டும். சட்டமும் அதைக் கேட்கும். ஆனால் பட்டியலிடப்பட்ட வரலாற்றுக் கட்டடத்தில் அனுமதியில்லாமல் தன்மையைப் பாதிக்கும் மாற்றம் செய்வது அங்கே குற்றம். வழக்கே போடுவார்கள். ஒயரை எந்தச் சுவர் வழியே கொண்டுபோகிறீர்கள் என்பது வரை பேசித் தீர்க்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு புதிதாக வைத்த பிறகு அது பழைய பப் என்று எப்படிச் சொல்வது?

இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். லண்டனில் 1921-இல் கட்டிய கார்ல்டன் டாவர்ன் என்ற பப்பை 2015-இல் உரிமையாளர்கள் அனுமதியின்றி இடித்துத் தள்ளினார்கள். பாதுகாப்புப் பட்டியலில் அது சேரவிருந்த நேரம். அப்பகுதி மக்கள் விடவில்லை. இருந்தபடியே திரும்பக் கட்ட வேண்டும் என்று ஆணை வந்து, 2021-இல் திறந்தது. ஸ்டாஃபர்ட்ஷயரில் க்ரூக்கட் ஹவுஸ் என்ற பப், அடியில் சுரங்கம் தோண்டியதால் ஒரு பக்கம் மண்ணில் இறங்கி, சாய்ந்தே நின்றது. 1765-இல் பண்ணை வீடாகக் கட்டியது. 2023 ஆகஸ்டில் எரிந்தது. இரண்டே நாளில் இடித்துவிட்டார்கள். அதையும் முன்பிருந்தபடி கட்டித்தர வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் உள்ளாட்சி மன்றம் ஆணையிட்டது.

இடித்துவிட்டுத் திரும்பக் கட்டுவது நல்ல தண்டனை. ஆனால் பாதுகாப்பு அல்ல என்பது என் கருத்து. ஃபிளீஸில் நடந்தது வேறு. மிஞ்சியதை மிஞ்சியபடி வைத்துக்கொண்டு, போனதை மட்டும் சேர்த்தார்கள். கூரை எப்படியும் சில பத்தாண்டுக்கு ஒரு முறை மாற வேண்டியதுதான். 600 ஆண்டில் அது எத்தனையோ முறை மாறியிருக்கும். தேய்ந்த கல் தரை அதேதான். அறைகளின் அளவு அதேதான். பியூட்டர் திரும்பவும் அதே அலமாரிக்குப் போயிற்று. அருங்காட்சியகமாக்கிக் கயிறு கட்டி "தொடாதீர்கள்" என்று பலகை வைத்திருந்தால் வேலை இதைவிட எளிதாக முடிந்திருக்கும். அப்படிச் செய்யாமல் பீர் ஊற்றுகிற கடையாகவே திருப்பிக் கொடுத்தார்களே, அதனால்தான் இதைப் பழைய பப் என்று தயங்காமல் சொல்கிறேன்.

எல்லா பப்பையும் அறக்கட்டளை வாங்க முடியுமா? ஊர்மக்களே வாங்கலாமா?

வாங்கலாம், வாங்கியும் இருக்கிறார்கள். கம்பிரியாவின் ஹெஸ்கட் நியூமார்க்கெட் கிராமத்தில் ஓல்ட் கிரவுன் பப்பை 2003-இல் ஊர்மக்கள் கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கினார்கள். 2011-இல் வந்த உள்ளாட்சிச் சட்டப்படி, ஊருக்குப் பயன்படும் கட்டடம் என்று ஒரு பப்பைப் பதிவுசெய்யலாம். அதன்பின் உரிமையாளர் விற்க முன்வந்தால், ஊர்மக்கள் பணம் திரட்ட ஆறு மாதம் வரை அவகாசம் கேட்க முடியும். அவர்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. 2017 முதல் இங்கிலாந்தில் பப்பை இடிக்கவோ வேறு பயன்பாட்டுக்கு மாற்றவோ திட்ட அனுமதி வேண்டும்.

எப்போது போனால் நல்லது?

மே மாதக் கடைசியில் போங்கள். ஈவ்ஷாம் சமவெளி அஸ்பாரகஸ் பயிருக்குப் பேர்போனது. நம் தண்ணீர்விட்டான் கொடியின் இனம்தான் அது. ஏப்ரல் 23-இல் தொடங்கி ஜூன் 21 வாக்கில் பருவம் முடிந்துவிடும். மே கடைசியில் வரும் பொது விடுமுறையை (வங்கி விடுமுறை என்பார்கள்) ஒட்டி ஃபிளீஸ் முற்றத்தில் அஸ்பாரகஸ் ஏலம் விடுகிறார்கள். பச்சைக் குருத்துகளைக் கட்டுக்கட்டாக உயர்த்திக் காட்டி ஏலக்காரர் விலை கூவுவார். பக்கத்தில் பித்தளை வாத்தியக் குழு முழங்கும்; மோரிஸ் என்ற நாட்டுப்புற ஆட்டக்காரர்கள் காலில் மணி கட்டி ஆடுவார்கள். மது வேண்டாதவர்களுக்குத் தேநீரும் சாப்பாடும் உண்டு. உள்ளே நுழையும்போது உத்தரத்தில் தலை இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.